பருப்பு வேகாத தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது கான்கிரீட் மிக்சர் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கால் வீட்டில் நிற்பதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வேலூரில் எங்கள் தெருவில் ஒருவர் மாடி எடுக்கிறார். போன வாரம் தளம் போட்டார்கள். ஆலயத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியவள் அந்த வாசலில் நின்று, ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்து, கலவைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, வீட்டுக்காரரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, முதல் பாட்டு முடிந்த பிறகுதான் ஆராதனைக்குப் போய்ச் சேர்ந்தேன். தண்ணீரைப் பற்றி இந்தம்மாவுக்கு என்ன கவலை என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அந்தக் கவலை வந்த கதை பழையது.

அரசுக் கட்டடங்கள் கட்டும் துறையில் உதவிப் பொறியாளராக முப்பது வருடம் ஓட்டினேன். எத்தனையோ பள்ளிக்கூடங்கள், சுகாதார நிலையங்கள். அவற்றில் பாதிக்கு இப்போது வழிகூட மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு ஊரில் கட்டிய பெண்கள் பள்ளி. பத்தாவது வரைக்கும் இருந்த பள்ளியை பிளஸ் டூ வரை உயர்த்தி உத்தரவு வந்திருந்தது. கீழே நாலு வகுப்பறை, மேலே அறிவியல் ஆய்வகங்கள். ஜூனில் கட்டடம் தயாராக இருந்தால் பிளஸ் ஒன் ஆரம்பிக்கலாம். ஆய்வகமும் தயாராக இருந்தால் அறிவியல் பிரிவும் உண்டு. இல்லையென்றால் இல்லை.

தலைமையாசிரியை குள்ளமான மனுஷி, வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டார். "ஜூன்தானே மேடம்?" என்றுதான் கேட்பார். நானும் வணக்கத்துக்குப் பதிலாக "ஜூன்தான் மேடம்" என்பேன். பத்தாவது முடித்த பெண்களில் பாதிப் பேர் அதோடு வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள் என்றும், பதினெட்டு ஆனதும் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றும் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். ஆம்பூருக்கு பஸ்ஸில் போய்ப் படிக்க எல்லா வீட்டிலும் விடுவதில்லை. பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தால் விடுவார்கள்.

அட்டவணை போடுவதில் எனக்கு அப்போது பெரிய மோகம். சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எப்படி, எது தள்ளிப்போனால் மொத்தமும் தள்ளிப்போகும் என்று கண்டுபிடிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டவணை தயாரித்து, சைட்டில் இருந்த தகரக் கொட்டகையில் ஒட்டினேன். அஸ்திவாரத்துக்குப் பழுப்பு, தூண்களுக்குப் பச்சை, தளத்துக்குச் சிவப்பு. காண்ட்ராக்டர் அதைப் பார்த்து, கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி இருக்கிறது என்றார். அவர் கிண்டல் பண்ணினாரா பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு ஒரு ஆபத்துப் பட்டியலும் நிரப்ப வேண்டும். என்ன ஆபத்து, வர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் என்ன ஆகும், என்ன பரிகாரம் என்று நாலு கட்டம். பரிகாரம் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரர் சனிக்கிழமை எள் விளக்கு போடச் சொன்னார். மாதிரிப் படிவத்தில் இருந்ததே என்று நிலநடுக்கம், புயல், கடல் கொந்தளிப்பு வரைக்கும் எழுதினேன். மாதனூரிலிருந்து கடலுக்கு அரை நாள் பஸ் பயணம். தண்ணீர் என்ற வரிக்கு நேரே 'பரிசோதிக்கப்பட்டது, ஆபத்து இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அது பொய் இல்லை. அந்த வருடம் ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. ஆறு வந்தால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வந்த மாதிரி. பாலத்தில் கூட்டம் நின்று பூ போட்டது, செல்போனில் படம் பிடித்தது. சைட்டில் இருந்த போர்வெல் தண்ணீர் இளநீர் மாதிரி ஆகிவிட்டது. நான் அப்போதுதான் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். நல்ல சர்டிபிகேட் வந்தது.

தோல் பதனிட்ட உப்புக் கழிவு நிலத்தில் இறங்கிய ஊர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு, மழைக்காலத்துத் தண்ணீரை நம்பக் கூடாது என்று தெரியாதா? தெரியும். எங்கள் வீட்டிலேயே குடிக்க ஒரு குடம், புழங்க ஒரு குடம் என்று தனித்தனியாக வைத்துத்தான் வளர்ந்தேன். ஆனால் லாரித் தண்ணீர் வாங்க மதிப்பீட்டில் இடம் இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமானால் திருத்திய மதிப்பீடு போட வேண்டும். அந்த ஃபைல் வேலூர் போய், சென்னை போய், ஒவ்வொரு மேசையிலும் படுத்து எழுந்து வருவதற்குள் ஜூன் போய்விடும். அதனால் நல்ல காலத்தில் வாங்கிய சர்டிபிகேட்டை வருடம் முழுவதற்கும் வைத்துக்கொண்டேன். வெளியூர் இன்ஜினியராக இருந்திருந்தால் பயந்து இரண்டாம் தடவையும் சோதித்திருப்பார். உள்ளூர்க்காரி என்ற திமிர் எனக்கு.

எனக்கு அப்போது கவலையெல்லாம் ஆள் கவலைதான். வார நாளில் எங்கள் பக்கம் சித்தாள் கிடைக்காது. காலையில் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். "ரொம்ப பேஜாரா இருக்கு மேடம். கொத்தனார் இருக்காரு, ஜல்லி இருக்கு, தூக்கறதுக்கு ஆள் கெடையாது" என்று காண்ட்ராக்டர் கையை விரித்தார். பிறகு அவரே வழியும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. துணி துவைத்துவிட்டு, கை சும்மா இருக்கும் பெண்கள் ஒரு நாள் கூலிக்கு வருவார்கள். கான்கிரீட் வேலையை மட்டும் ஞாயிறில் வைத்துக்கொண்டால் போதும். நான் அட்டவணையில் இருந்த எல்லாச் சிவப்பையும் பச்சையையும் பெயர்த்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாற்றி ஒட்டினேன். என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கர்த்தரே ஓய்வெடுத்த நாளில் இவள் ஜல்லி அள்ளப் போகிறாள் என்று ஆலயத்தில் போதகர் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் குளிர்கிறது. ஆபீசில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஃபைல் தள்ளிய நாட்களெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தக் காலை நேரங்கள் அப்படியே இருக்கின்றன. ஏழு மணிக்குப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கை சட்டை, தலையில் துண்டு. தைக்கிறவர்கள், பசை தடவுகிறவர்கள், டப்பாவில் அடுக்குகிறவர்கள். வாரம் முழுக்க மெஷின் சத்தத்தில் பேசாமல் இருந்ததையெல்லாம் சேர்த்து இங்கே பேசித் தீர்ப்பார்கள். ஒவ்வொரு சூபர்வைசரின் நடையையும் நடித்துக் காட்டுவார்கள். காண்ட்ராக்டருடைய நடையையும் ஒருத்தி நடித்தாள், அவர் பின்னால் நிற்பது தெரியாமல். அவர் கோபித்துக்கொள்ளாமல், தொப்பையை இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணும்படி கேட்டுக்கொண்டார்.

அவர்களில் ஒருவரை எல்லோரும் லைன் அக்கா என்பார்கள். ஷூ கம்பெனியில் ஒரு வரிசைக்கு அவர்தான் தலைமை; அதனால் அந்தப் பெயர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர்தான். ஆனால் பார்த்த ஒரு மணி நேரத்தில் நானும் அக்கா என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

தை மாதக் கடைசியில் கீழ்த்தளத்துக்கு மேல் கான்கிரீட் போட்ட நாள் அது. வழக்கம்போல சாரத்தில் பெண்கள் வரிசையாக நின்று பாண்டு என்கிற இரும்புச் சட்டிகளில் கலவையைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ஒன்பது மணிக்குள் வரிசை திணற ஆரம்பித்தது. கீழே கலவை குவிகிறது, மேலே கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் சத்தம் போட்டேன், காண்ட்ராக்டர் என்னைவிட அதிகமாகச் சத்தம் போட்டார். லைன் அக்கா வரிசையை விட்டு விலகி, ஓரமாகப் போய் நின்று, கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. வந்த இடத்தில் வேடிக்கை பார்க்கிறாரே என்று கேட்கப் போனேன். அதற்குள் அவர் வரிசையைக் கலைத்துவிட்டார்.

சாரம் திரும்பும் மூலையில் ஒருத்தி நின்ற இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினார். கீழே குனிந்து அள்ளிக் கொடுக்கிற இடத்தில் யாரும் அதிக நேரம் நிற்கக் கூடாது, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்றார். காலிப் பாண்டு அதே வரிசையில் திரும்பி வரக் கூடாது, பின்பக்கமாக மணல் மேல் போட்டுவிட வேண்டும். மெஷின்காரரிடம், தான் கை காட்டாமல் அடுத்த கலவையைக் கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டார். சாயங்காலம் வரை இழுக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்த தளம் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. அவரிடம் இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கம்பெனியில் தினமும் இதைத்தானே செய்கிறோம், எந்த இடத்தில் ஷூ தேங்குகிறதோ அங்கேதான் ஆள் குறைவு என்றார். நான் சென்னையில் மூன்று நாள் டிபன் சாப்பிட்டுக் கற்றுக்கொண்டு வந்தது இதைத்தான்.

தளம் போட்டால் பிரியாணி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காண்ட்ராக்டர் எதில் கஞ்சம் பிடித்தாலும் அதில் பிடிக்க மாட்டார். ஆம்பூரிலிருந்து அண்டாவோடு வந்து இறங்கியது. மணல் குவியல் மேல் உட்கார்ந்து, வாழையிலையில் கத்திரிக்காய் தொக்கோடு சாப்பிட்டோம். லைன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேலே லேப் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கிழக்கு ஓரம், நீளமான மேசைகள், சுவரோரமாக ஆறு சிங்க். எண்ணெய்க் கை படாமல் புறங்கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எம் பொண்ணு இங்கதான் பத்தாவது படிக்கிறா மேடம். பயாலஜி எடுத்து நர்ஸுக்குப் போவணும்ங்கறா. ஆம்பூருக்கு அனுப்ப அவங்கப்பா ஒத்துக்க மாட்டாரு. நம்ம ஊர்லயே வந்துட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்காரு."

"ஜூன்ல தொறந்துடும்கா. கவலைப்படாதீங்க" என்றேன்.

கொட்டகையில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டி, எந்த வாரம் எது முடியும் என்று ஒவ்வொரு கட்டமாக விளக்கவும் செய்தேன். அவர் சிவப்புக் கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டார். வயிறு நிறைய பிரியாணி, கண் முன்னால் முடிந்த தளம். அன்றைக்கு நான் யாருக்கு எதை வேண்டுமானாலும் வாக்குக் கொடுத்திருப்பேன்.

மேல்மாடித் தூண்கள் பதினான்கு. பங்குனி ஆரம்பத்தில் ஒரு ஞாயிறு போட்டோம். தூண் போடும் நாளில் பிரியாணி கிடையாது. சைட்டிலேயே அடுப்பு மூட்டி சாம்பார் சாதம் செய்வார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் சாப்பாடு வரவில்லை. பெண்கள் பசியில் முணுமுணுத்தார்கள். என்னவென்று பார்க்க லைன் அக்கா அடுப்புக்குப் போனார். கரண்டியில் கொஞ்சம் பருப்பை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். விரலால் நசுக்கிக் காட்டினார். கல் மாதிரி இருந்தது.

"பருப்பு வேகல மேடம். போர் தண்ணி மாறிடுச்சு. மழை முடிஞ்சு நாலு மாசம்தான் இது தாங்கும். பங்குனி வந்தா பழையபடி உப்பாயிடும். இதுலயா கலவை போடறீங்க?"

நான் கேட்ட மறுநொடியே மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். அப்போது எட்டுத் தூண் முடிந்திருந்தது. மீதி ஆறை விட்டால் அடுத்த ஞாயிறு. அடுத்த ஞாயிறு போனால் தளம் தள்ளிப்போகும். தளம் தள்ளிப்போனால் ஜூன் தள்ளிப்போகும். என் மண்டைக்குள் பச்சையும் சிவப்பும்தான் ஓடின. கான்கிரீட்டுக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம், லேபில் கொடுத்து சர்டிபிகேட் வாங்கியிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சிரித்தபடி சொன்னேன் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் கரண்டியோடு திரும்பிப் போனார். கடையிலிருந்து இட்லி வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு மீதி ஆறு தூணையும் போட்டோம். பிறகு பதினான்கையும் சாக்கால் சுற்றி, மூன்று வாரம் காலையும் மாலையும் அதே தண்ணீரை ஊற்றினோம்.

சாக்கைப் பிரித்த நாளில் தூண்கள் பூத்திருந்தன. அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாக, மாவு தூவினது போல. சிமெண்ட் பால்தான் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

அன்றைக்கே போர் தண்ணீரை மறுபடி பாட்டிலில் பிடித்தேன். தூண்களிலும் கீழ்த்தளத்திலும் துளை போட்டுத் தூள் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு நானே கையில் கொண்டுபோனேன். கீழே எல்லாம் நல்ல தண்ணீர் காலத்தில் போட்டது, தப்பித்தது. மேலே பதினான்கு தூணும் தேறவில்லை. இந்த மாதிரி உப்பு உள்ளே போனால் கான்கிரீட் உடனே விழாது. உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பத்து வருடமோ பதினைந்து வருடமோ ஆகலாம். அதுவரை பார்க்க நன்றாகவே இருக்கும்.

காண்ட்ராக்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரும் மனிதர்தான். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டால் யார் கண்ணிலும் படாது, எத்தனை கட்டடம் இப்படி நிற்கவில்லை என்றார். தலைமையாசிரியை குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வேறு வழியே இல்லையா என்று மூன்று தடவை கேட்டார். உடைத்தால் மறுபடி கட்டத் திருத்திய மதிப்பீடு வேண்டும். எதற்கு பயந்து லாரித் தண்ணீரைத் தவிர்த்தேனோ, அதே ஃபைல் இப்போது பெரிதாகி வந்து நின்றது. நான் யாருக்கும் பதில் சொல்லாமல் நாலு நாள் இழுத்தடித்தேன். உடைக்க வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். தைரியம்தான் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு. வேலை இல்லை என்று தெரிந்தும் லைன் அக்கா வந்தார். விஷயம் ஊரில் பரவியிருந்தது. நேராக மேலே ஏறி, ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"ஒடைச்சா ஜூன்ல லேப் வராதா மேடம்?"

"வராதுக்கா. கீழ இருக்கற ரூம்ங்க மட்டும்தான் தொறக்க முடியும்."

அவர் கிழக்கு ஓரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். உள்ளுக்குள் நான் ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். உடைக்காதீங்க மேடம், எம் பொண்ணு படிக்கணும் என்று அவர் அழுதிருந்தால், நான் பெயிண்ட் அடித்திருப்பேன். பிறகு காலம் முழுக்க, ஒரு தாய்க்காகச் செய்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன்.

"கம்பெனில ரிஜெக்ட் ஆன ஷூவுக்கு பாலிஷ் போட்டா, பாக்கறவங்களுக்குத் தெரியாது மேடம். போட்டு நடக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு, "ஒடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

உடைத்தோம். எட்டு நாள் டிரில் சத்தம். பத்தாவதுப் பெண்கள் கீழே பழைய கட்டடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் லைன் அக்காவின் மகளும் இருந்திருப்பாள். தண்ணீரை மறுபடி சோதிக்காதது என் தவறு என்று நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு இன்கிரிமென்ட் போனது. அது எனக்குக் கிடைத்த தண்டனையிலேயே மிகவும் லேசானது. ஜூனில் கீழ் அறைகளில் பிளஸ் ஒன் ஆரம்பித்தது, வணிகப் பிரிவு மட்டும். தலைமையாசிரியை ரிப்பன் வெட்டும்போது என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். என்னிடம் ஜூன் பற்றிக் கேட்பதை அவர் அன்றோடு விட்டுவிட்டார்.

லைன் அக்காவின் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். உள்ளூரில் நீ கேட்ட படிப்பு இல்லை, வாக்கு அதோடு சரி என்றாராம் அப்பா. அந்த வணிகப் பிரிவையாவது படிக்கிறேன் என்று அந்தப் பெண் கேட்டுப் பார்த்திருக்கிறாள். நர்ஸுக்குப் போகாத படிப்பு எதற்கு என்று அதையும் தட்டிவிட்டார். நான் ஒரு நாள் அந்த அப்பாவைப் போய்ப் பார்த்துப் பேசினேன். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். "நீங்க ஜூன்னு சொன்னீங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். கூடத்தில் ஷூவின் மேல்பாகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன.

திருத்திய மதிப்பீடு ஒப்புதலாகி வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் என்னை வேறு இடத்துக்கு மாற்ற இருந்தார்கள். கெஞ்சி நிறுத்தி வைத்தேன். இந்தத் தடவை மதிப்பீட்டில் முதல் வரியே லாரித் தண்ணீர். புது ஆபத்துப் பட்டியலில் கடல் கொந்தளிப்பை எடுத்துவிட்டேன். தண்ணீர் என்ற வரிக்கு நேரே, மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும், சைட்டில் பருப்பு வேகவைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மேலதிகாரி பருப்பை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நான் எல்லா ஞாயிறும் வேகவைத்தேன்.

மேல்தளம் போட்ட ஞாயிறு, வழக்கம்போல ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். லைன் அக்காவும் வந்தார். தலையில் நரை கூடியிருந்தது, குரல் அதேதான். டிரம்மில் இருந்த லாரித் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெயர் எழுதும்போது புதுமுகமாக ஒரு பெண் நின்றாள். ஒல்லியாக, சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. சின்னப் பெண்ணாக இருக்கிறாளே என்று வயதைக் கேட்டேன். பதினெட்டு ஆகிவிட்டது என்று கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். அக்காவின் மூக்கு, அக்காவின் நெற்றி.

"எம் பொண்ணுதான் மேடம். போன மாசம்தான் பஸ் ஏறுனா" என்றார் லைன் அக்கா.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார். மூலையில் இரண்டு பேர், கீழே இருபது நிமிஷத்துக்கு ஒரு மாற்றம், எல்லாம் பழையபடி. மகளைக் கடைசி ஆளாக மேலேயே நிறுத்தியிருந்தார், கொத்தனார் கையில் பாண்டைக் கொடுக்கிற இடத்தில். வேலை மேற்கிலிருந்து ஆரம்பித்து கிழக்கே நகர்ந்தது. நான் கம்பி மேல் பலகை போட்டு நடந்து பார்த்துக்கொண்டு வந்தேன். கிழக்கு ஓரத்துக்கு வந்தபோது அவள் ஒரு பாண்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தது வருவதற்குள் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இதுக்குக் கீழதானே லேப்?"

"ஆமாம்மா."

"சிங்க் எந்தப் பக்கம் வருது?"

கையால் காட்டினேன். அவள் குனிந்து கம்பிகளுக்கு நடுவே தெரிந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் பாண்டு வந்துவிட்டது. வாங்கிக் கொத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணே, இந்த எடத்துல நல்லா இறுக்கிப் போடுங்க" என்றாள்.

அன்றும் அண்டா வந்தது. எல்லோரும் மணல் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் இலையை வாங்கிக்கொள்ளவில்லை. கொட்டகைக்குள் போய், அட்டவணையில் மேல்தளம் என்ற சிவப்புக் கட்டத்துக்கு நேரே முடிந்தது என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வெளியே அந்தப் பெண் கை கழுவிக்கொண்டே, நாளைக்குக் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குச் சீக்கிரம் எழுப்பிவிடும்படி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.